எல்லிஸ் தீவுல பேர் மாத்தினாங்கங்கிறது தப்புங்க

கட்டுரை நல்லாருக்கு, ஆனா அமெரிக்காவுக்குக் குடியேறின ஜெர்மன் குடும்பங்களோட பேரையெல்லாம், வர்றவங்களை நியூயார்க் துறைமுகத்துல சோதிச்ச எல்லிஸ் தீவு ஆபீசருங்கதான் மாத்திட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது சரியில்லைங்க. அந்தத் தீவுல ஆபீஸ் திறந்ததே 1892லதான், அங்க இருந்தவங்க கப்பல்ல எழுதிக் கொண்டுவந்த லிஸ்டை வச்சு ஆளைச் சரிபார்த்தாங்க, அவ்ளோதான்.

அமெரிக்க அதிபரா இருந்த ஐசனோவர் பேரையே எடுத்துக்கங்க. அவரு முன்னோருங்க இப்போ ஜெர்மனியோட சார்லாந்துல இருக்கிற கார்ல்ஸ்ப்ருன்ங்கிற ஊர்லேர்ந்து கிளம்பி 1741லயே பென்சில்வேனியா வந்துட்டாங்க, அதாவது எல்லிஸ் தீவுக்கு 150 வருஷம் முன்னாடி! அப்போ பேரு ஐசன்ஹவர், ஐசன்னா இரும்பு, ஹவர்னா வெட்டுறவரு, தொழிலை வச்சு வந்த பேரு. இங்கிலீஷ்காரங்க அதே சத்தத்தை அவங்க ஸ்பெல்லிங்ல எழுதினாங்க, உச்சரிப்பு பெருசா மாறவே இல்ல, நாமதான் தமிழ்ல ஐசனோவர்னு எழுதிப் பழகிட்டோம். அப்புறம் கான்சாஸுக்குப் போன அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் 1944ல ஹிட்லர் படையை எதிர்த்து பிரான்சோட நார்மண்டி கடற்கரைல படையை இறக்கினாரு, நினைச்சாலே சிலிர்க்குது.

பியானோ செய்ற ஸ்டைன்வே குடும்பமும் 1850ல நியூயார்க் வந்தப்போ ஸ்டைன்வெக்தான், அவங்களாவே மாத்திக்கிட்டாங்க. அந்தப் பத்தியை மட்டும் திருத்திடுங்க ப்ளீஸ்.