பயிற்சியற்றவர்கள் என்பது தவறு
பாலூட்டும் தாய்மாருக்கு உதவும் தன்னார்வலர்கள் பயிற்சியற்றவர்கள், வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதே அவர்கள் வேலை என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பி ஒரு தாய் உதவி கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. 1956இல் அமெரிக்காவில் ஏழு தாய்மார் தொடங்கிய லா லேச்சே லீக் என்ற பாலூட்டல் உதவி அமைப்பு, தாங்களே பாலூட்டிய பெண்களுக்குப் பயிற்சி அளித்த பின்னரே பிறருக்கு வழிகாட்டும் பொறுப்பைத் தருகிறது. வலிக்கிறது என்று தாய் சொன்னால், குழந்தை காம்பை மட்டும் பற்றியிருக்கிறதா, அல்லது வாயை அகலத் திறந்து காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வி, மோவாய் மார்பில் படியக் குடிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அவர்கள் மருத்துவருக்கு மாற்று அல்லர்: குழந்தையின் எடை கூடாவிட்டாலோ, தாய்க்குக் காய்ச்சலுடன் மார்பு சிவந்து வீங்கினாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடமே.