எல்லாம் நெட்டில் ஃப்ரீயாம்!

எங்கள் கல்லூரி விழா வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், திரும்பப் போடவில்லை. 'எல்லாம் நெட்டில் ஃப்ரீயாகக் கிடைக்கும்போது லைப்ரரிக்கு எதற்கு இவ்வளவு செலவு?' என்று சிறப்பு விருந்தினர் கேட்கிறார். அரங்கமே கை தட்டுகிறது. நானும் கடைசி வரிசையில் இருந்தேன். அவருக்குச் சால்வையோடு கொடுத்த புத்தகமே நூலகக் கணக்கில் வாங்கியதுதான், அது வேறு கதை.

ஐயா, கிடைக்கவில்லை. தருமபுரி மாவட்டத்துச் சுயநிதிக் கல்லூரி ஒன்றின் நூலகராகச் சொல்கிறேன், ஃப்ரீயாகக் கிடைக்கவில்லை.

பென்னாகரம் பக்கமிருந்து வரும் வேதியியல் மாணவி ஒருத்தி. ஊர் போர் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு எவ்வளவு என்பதுதான் அவள் புராஜெக்ட். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பழைய சோடா பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, பிளாஸ்திரி ஒட்டி ஊர்ப் பெயர் எழுதி வைத்திருந்தாள். நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றியே நெட்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிகிறது, மீதிக்கு 30 டாலருக்கு மேல் கட்டச் சொல்கிறது. தண்ணீர் நம் போரில் எடுத்தது, கறை விழுந்த பல் நம் பிள்ளைகளுடையது, படிக்க மட்டும் டாலர்! "மேடம், அப்ஸ்ட்ராக்டை மட்டும் வச்சு எழுதிடட்டுமா?" என்றாள். நான் என்ன சொல்ல?

'ஒரே நாடு ஒரே சந்தா இருக்கிறதே' என்று சிலர் வருவீர்கள். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம், இருக்கிறது. 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான். ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். அந்த 'ஒரே நாட்டில்' எங்கள் கல்லூரி இல்லை. தனியார் என்றால் நிர்வாகம் கட்டட்டும் என்பீர்கள். அந்த நிர்வாகத்தைத்தானே கை தட்ட வைத்துவிட்டுப் போனார்!

பதிப்பகத்துக்கும் செலவு உண்டாம். சரி, உண்டு. கட்டுரை எழுதியவருக்கு அதில் சல்லிக்காசு போகிறதா? வெளியிடும் முன் உட்கார்ந்து அதை மதிப்பிட்டவருக்கு? கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் எடுத்துக்கொள் என்பவர்களுக்கு, 2025 ஆகஸ்டிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதை முடக்கச் சொல்லியாயிற்று. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் இலவசம், அது உண்மை. ஆனால் அதிலும் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருக்கிறது. 'இந்தக் காலத்துப் பசங்க எங்கே படிக்கிறாங்க' என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஃப்ரீயாக வருவது ஒன்றே ஒன்று: 'உங்கள் கட்டுரையை மூன்றே நாளில் வெளியிடுகிறோம், சான்றிதழும் உண்டு' என்ற வாட்ஸ்அப் விளம்பரம். பணம் அப்புறம் கேட்பான். 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), நம்பகமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிவந்த தன் கேர் பட்டியலையும் கைவிட்டுவிட்டது. இப்போது "இந்த ஜர்னல் ஒரிஜினலா, போலியா?" என்று ஆசிரியர்கள் வந்து கேட்பது யாரிடம்? அட்மிஷன் சீசனில் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுக்க அனுப்புகிறீர்களே, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது பூந்தொட்டி அடுக்கச் சொல்கிறீர்களே, அந்த நூலகரிடம்தான்.

அந்த வேதியியல் மாணவிக்காக, கட்டுரை எழுதிய பேராசிரியருக்கே மெயில் போட்டேன். மறுநாள் காலையில் பிடிஎஃப் வந்துவிட்டது. 'பார்த்தாயா, ஃப்ரீயாகத்தானே கிடைத்தது' என்று தயவுசெய்து கமெண்டில் வராதீர்கள். தேடிக் கண்டுபிடித்துக் கேட்டு வாங்கிய அந்த ஆளின் சம்பளத்தைத்தான் மேடையில் தண்டச் செலவு என்கிறார்கள்.