பெரிய கோயிலுக்கு ஒரு பாபின்

(தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சின்னத் தையற்கடை. மதியம் மூன்று மணி. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. மாஸ்டர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற சார் ஒருவர் கழுத்தில் கேமராவோடு படியேறுகிறார்.)

மாஸ்டர்: வாருங்கள் சார். பேண்ட் நாளைக்குத் தயார்.

சார்: நான் பேண்ட்டுக்கு வரவில்லை மாஸ்டர்.

மாஸ்டர்: அப்படியா? அப்படியென்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் வெட்டவே இல்லை.

சார்: பரவாயில்லை. எனக்கு ஒரு பாபின் வேண்டும், மெஷினில் அடிநூல் சுற்றி வைப்பீர்களே அது, கேஸோடு. பழையதாக இருந்தாலும் சரி. இரண்டு மீட்டர் நூலும் வேண்டும்.

மாஸ்டர்: எங்கே கிழிந்தது? திரும்புங்கள், பார்ப்போம்.

சார்: எங்கேயும் கிழியவில்லை. இந்தக் கேமராவில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

மாஸ்டர்: திருஷ்டிக்கா? அதற்கு எலுமிச்சம்பழம் அல்லவா கட்டுவார்கள்?

சார்: திருஷ்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் படம் தைக்கிறேன்.

மாஸ்டர்: (மெஷினை நிறுத்துகிறார்) படம் தைக்கிறீர்களா?

சார்: ஆமாம். பெரிய கோயில் முழுவதும் ஒரே படத்தில் அடங்காது. அதனால் ஒரே இடத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஏழெட்டுப் படம் எடுப்பேன். வீட்டுக்குப் போய் கணினியில் அவற்றைத் தைத்து ஒரே நீளப் படமாக்குவேன். இதற்குப் பெயர் பனோரமா.

மாஸ்டர்: பன்னா தெரியும், துணியின் அகலம். ரமா யார்?

சார்: யாரும் இல்லை. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், ஆளைச் சுற்றி வட்டமாகப் படம் வரைந்து காட்டும் முறைக்கு 1787-இல் காப்புரிமை வாங்கினார். பிறகு கிரேக்கச் சொற்களை வைத்து அதற்குப் பிறந்த பெயர் இது. எல்லாவற்றையும் பார்ப்பது என்று பொருள்.

மாஸ்டர்: என் பையன் போனைக் கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுகிறான், நீளமாக வந்துவிடுகிறதே. அதற்கு எதற்கு இத்தனை பாடு?

சார்: அது ரெடிமேட்.

மாஸ்டர்: சார், இந்தக் கடைக்குள் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். உட்காருங்கள். டீ சொல்கிறேன். உங்கள் தையலைக் காட்டுங்கள்.

(சார் பையிலிருந்து ஒரு நீளமான பிரிண்டை விரிக்கிறார். வெட்டும் மேசையின் பாதியை அது பிடித்துக்கொள்கிறது.)

மாஸ்டர்: இங்கே இரண்டு துண்டு சேரவே இல்லை. நடுவில் இடைவெளி. தையலுக்குத் துணி விட்டீர்களா?

சார்: படத்துக்கு எதற்குத் துணி?

மாஸ்டர்: இந்தத் துண்டின் ஓரத்தில் இருப்பது அடுத்த துண்டிலும் கொஞ்சம் இருக்க வேண்டாமா? ஓரமும் ஓரமும் முட்டினால் போதும் என்று வெட்டினால் எதைப் பிடித்துத் தைப்பது?

சார்: அதுதான் எனக்கும் பிறகு தெரிந்தது. ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தோடு கால் பங்காவது, முடிந்தால் 30 சதவீதம், ஏறி நிற்க வேண்டுமாம்.

மாஸ்டர்: நாங்கள் அரை அங்குலம் விடுவதற்கே முதலாளி திட்டுவார். உங்கள் தொழிலில் துணிக்குப் பஞ்சமில்லை. சரி, இது என்ன? இந்தத் துண்டில் வானம் நீலம், பக்கத்துத் துண்டில் வெள்ளை. வேறு தானில், அதாவது வேறு துணிச் சுருளில், வெட்டினீர்களா?

சார்: வெயில் பக்கம் திரும்பியதும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது, நிழல் பக்கம் கூட்டிக்கொண்டது.

மாஸ்டர்: தானாகச் செய்ய விடலாமா? பேண்ட்டுக்கு ஒரு கால் ஒரு தானிலும், இன்னொரு கால் வேறு தானிலும் வெட்டினால் கடையில் பார்க்கும்போது ஒரே நிறமாகத்தான் இருக்கும். தெருவுக்குப் போனதும் சாயம் வெளுக்கும்.

சார்: இப்போது மேனுவலில் வைத்துவிட்டேன். வெளிச்சம், நிறம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முதல் படத்திலேயே பூட்டிவிடுகிறேன். கேமராவையும் நெட்டுக்குத்தாகப் பிடிக்கிறேன். விமானம் 200 அடிக்கு மேல். படுக்கையாகப் பிடித்தால் கலசம் போய்விடுகிறது.

மாஸ்டர்: அகலப் பன்னா எடுத்தால்தான் உயரம் வரும். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படித்தீர்கள்? சரி, தைப்பது யார்? நீங்களா, மெஷினா?

சார்: மெஷின்தான். இரண்டு படத்திலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளை, அதாவது ஒரு கல் முனை, ஒரு சிற்பத்தின் மூக்கு மாதிரி, அதுவே தேடிப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். கனடாவில் மாத்யூ பிரவுன், டேவிட் லோ என்று இரண்டு பேர் 2003-இல் இதை ஒழுங்காகச் செய்து காட்டினார்கள். குவியலாகக் கொட்டினாலும் எது எதோடு சேரும் என்று அதுவே கண்டுபிடிக்கும்.

மாஸ்டர்: நாங்கள் கை ஏற்றும்போது கையிலும் தோளிலும் குறி வெட்டிக்கொள்வோம். குறியும் குறியும் சேர்ந்தால் கை நேராக நிற்கும். அதுதானே?

சார்: அதேதான்! ஆனால் வெறும் வானத்தில் குறி கிடைக்காது.

மாஸ்டர்: வெள்ளைத் துணியில் எது முன்பக்கம் என்றே தெரியாது. சரி, இந்த மதில் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? நேற்று நான் போனபோது நீளமாகத்தானே இருந்தது?

சார்: (குரலைத் தாழ்த்தி) அது ஒரு சோகக் கதை. மதில்மேல் வரிசையாக நந்திகள் இருக்கின்றன அல்லவா? எல்லாம் ஒரே மாதிரி. கணினி இந்தப் படத்து நந்தியையும், அந்தப் படத்தில் நாலு தள்ளி இருக்கும் நந்தியையும் ஒன்றென்று நினைத்து ஒட்டிவிட்டது. இடையில் இருந்த நந்திகள் எல்லாம் போய்விட்டன.

மாஸ்டர்: துணியை நனைக்காமல் தைத்த மாதிரி சுருங்கிவிட்டது. ராஜராஜன் கட்டிய மதிலைச் சுருக்கிய ஆள் நீங்கள் ஒருவர்தான் சார்.

சார்: ஹுகின் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் நாமே குறி வைக்கலாம். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து நந்தி எண்ணினேன். வீட்டில் தூக்கத்துக்கு எண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர்: கட்டம் சேர்ப்பது அப்படித்தான் சார், ஆளைக் கொல்லும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருவருக்குக் கட்டச் சட்டை தைத்தேன். பாக்கெட் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும், அப்படிக் கட்டத்தைச் சேர்த்தேன். நாளைக்குக் காசு என்று போட்டுக்கொண்டு போனார். வீட்டுக்கு ஆள் அனுப்பினால் திருப்பூர் போயிருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார் என்கிறார்கள். அதை விடுங்கள். இந்தத் தூண் ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது?

சார்: நந்தி மண்டபத்துத் தூண். அதற்குத்தான் பாபின்.

மாஸ்டர்: தூணைத் தைக்கவா?

சார்: கேளுங்கள். கட்டை விரலை மூக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மாற்றி மற்றொரு கண்ணால் பாருங்கள்.

மாஸ்டர்: தினமும் ஊசியில் நூல் கோப்பவனிடம் சொல்கிறீர்களா? விரல் இடம் மாறும், சுவர் அப்படியே இருக்கும்.

சார்: நான் உடம்போடு திரும்பும்போது கேமராவும் ஒரு வட்டம் போட்டு நகர்கிறது. தூரத்தில் இருக்கும் விமானத்துக்கு அது ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் தூண், முதல் படத்தில் விமானத்துக்கு இடப்பக்கம், அடுத்த படத்தில் வலப்பக்கம். எப்படிச் சேரும்? லென்ஸை ஒரே புள்ளியில் வைத்து, அதைச் சுற்றி நான்தான் நகர வேண்டும்.

மாஸ்டர்: முக்காலி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

சார்: கோயிலுக்குள் முக்காலிக்குத் தொல்லியல் துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நூலுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். லென்ஸிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நுனியில் பாபின். தரையில் ஒரு ரூபாய்க் காசு. பாபின் காசுக்கு மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டு சுற்றி வரவேண்டும்.

மாஸ்டர்: கொத்தனார் தூக்குக்குண்டு! அதற்கு என்னிடம் வந்தீர்கள்?

சார்: கொத்தனார் தரமாட்டேன் என்றார்.

(டீ வருகிறது. சார் கண்ணாடி டம்ளரைப் படத்தின்மேல் வைக்கப் போகிறார். மாஸ்டர் கையைத் தட்டிவிடுகிறார்.)

மாஸ்டர்: கோயில் சுவர் நேர்தானே? இதில் வளைந்திருக்கிறதே.

சார்: சுற்றிப் பார்த்ததைத் தட்டைக் காகிதத்தில் விரித்தால் நேர்க்கோடு வளையும்.

மாஸ்டர்: புரிகிறது. தொப்பைக்காரருக்குக் கோடு போட்ட சட்டை. டார்ட் மடிப்புப் பிடிக்காமல் ரவிக்கை தைக்க முடியுமா? உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது ஒரு சுருக்கம் விழுந்தே தீரும். இந்த வேலையை இந்த ஊரில் நீங்கள்தான் முதலில் செய்கிறீர்களா?

சார்: நானா? 1858-லேயே ஒருவர் செய்துவிட்டுப் போய்விட்டார். லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். விமானத்தின் அடியில் சுற்றி ஓடுகிறதே கல்வெட்டு, அதைக் காகித நெகடிவில் எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.

மாஸ்டர்: (விரலால் கணக்கிட்டு) ஆறு கெஜமும் ஓர் அடியும். புடவை சார் அது! இருபது ஒட்டு. கணினியும் இல்லை.

சார்: அவர் என்னைப் போல நின்ற இடத்தில் சுற்றவில்லை. சுவர் ஓரமாகவே கேமராவை நகர்த்திக்கொண்டு போக வேண்டும், தூரம் மாறவே கூடாது.

மாஸ்டர்: பார்டர் தைப்பது போல. மெஷின் நிற்கும், துணி ஓடும். அவருக்குச் சுவர் நிற்கும், மெஷின் ஓடும். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது?

சார்: யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று. ராஜராஜன் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது என்று. இன்னொரு கல்வெட்டில் கோயில் வேலைக்காரர்களுக்கு எவ்வளவு நெல் என்று பட்டியல் இருக்கிறது. அதில் தையற்காரரும் உண்டு.

மாஸ்டர்: (எழுந்து நிற்கிறார்) எங்கள் ஆளா?

சார்: தய்யான் என்று எழுதியிருக்கிறது.

மாஸ்டர்: பாருங்கள் சார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா தையல் கூலியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். இங்கே ஒரு கட்டச் சட்டைக்கு...

(பேச்சு நின்றுவிடுகிறது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, படத்தின் இடது ஓரத்தில் குனிகிறார்.)

மாஸ்டர்: இது எப்போது எடுத்தது?

சார்: போன ஞாயிறு சாயங்காலம்.

மாஸ்டர்: இந்தப் புல்தரையில் நடக்கிறாரே, கட்டச் சட்டை. பாக்கெட் தெரிகிறதா?

சார்: இல்லையே.

மாஸ்டர்: தெரியாது. நான் தைத்தது.

சார்: அடடா. அந்த ஆள் பெரிய தொல்லை மாஸ்டர். நான் கேமராவைத் திருப்பும் பக்கமாகவே அவரும் நடந்தார். வலது ஓரத்திலும் இருப்பார் பாருங்கள்.

மாஸ்டர்: (வலது ஓரத்துக்கு ஓடுகிறார்) திருப்பூருக்கு நடந்தே போகிறார் போலிருக்கிறது.

சார்: கவலைப்படாதீர்கள், ஒருவரை அழித்துவிடலாம். எவரை வைக்க வேண்டும் என்று மாஸ்க் போட்டுச் சொன்னால் மென்பொருள் கேட்கும்.

மாஸ்டர்: தொடாதீர்கள்! இரண்டு பேரும் இருக்கட்டும். ஊரில் இல்லாத மனுஷன் இரண்டு தடவை இருக்கிறார். இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்? எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தாருங்கள். கடை வாசலில் மாட்டுகிறேன்.

சார்: தருகிறேன். பாபினுக்கு எவ்வளவு?

மாஸ்டர்: பாபின், கேஸ், நூல் எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய்.

சார்: பேண்ட் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்.

மாஸ்டர்: நாளைக்கா? சார், அந்தக் கேமராவைக் கொஞ்சம் கொடுங்கள். அந்த வாசலில் வெளிச்சம் பார்த்து நில்லுங்கள். நேரே பாருங்கள்.

சார்: சுற்றி எடுக்கப் போகிறீர்களா? நூல் கட்ட வேண்டாமா?

மாஸ்டர்: வேண்டாம், அசையாதீர்கள். எனக்கு நீங்கள் ஒருவர் போதும்.