ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பயணத் திட்டம் வந்தது. காலை ஐந்து மணிக்கு வேன். முட்டுக்காடு, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, திரும்பும் வழியில் கோவளம். இரவு ஒன்பதுக்கு வீடு. 'பிள்ளைகளுக்குப் பொழுதும் போகும், அறிவும் வளரும்' என்று மாமா கீழே எழுதியிருந்தார். நாங்கள் வரவில்லை என்று பதில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து குழுவில் நான்தான் திமிர் பிடித்தவள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இதே பயணத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் போய்ப் பார்த்தவர்கள்தான். சின்னவன் வேனிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஐந்து ரதத்துக்கு உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒற்றைக் கல்லில் செதுக்கிய யானை நிற்கிறது அல்லவா, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிள்ளைகள் எழுந்திருக்க மறுத்துவிட்டார்கள். உண்மையில் உட்கார வேண்டிய இடமே அதுதான். அந்த யானையின் முதுகையும், ஒட்டி நிற்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வளைவு. அந்தக் கட்டட அமைப்புக்கே தூங்கானை மாடம் என்றுதான் பெயர். இதை மகளுக்குக் காட்ட இரண்டு நிமிடம் போதும். அதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். மீதி இடங்களுக்கு நேரம் இருக்குமோ என்று எல்லோருக்கும் கவலை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஒரு நாளைக்கு ஓர் இடம். அதுவும் அரை நாள்தான்.

முதலில் போனது எழும்பூர் அருங்காட்சியகம். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிவிடலாம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் சின்னவனுக்குப் பாதி சுற்றுலா அங்கேயே முடிந்துவிடும். (வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை நான் பூட்டிய கதவின் முன்னால் நின்று கற்றுக்கொண்டேன்.) 1851இல் தொடங்கிய இடம், ஒரு வாரம் சுற்றினாலும் தீராது. அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை வாசலிலேயே விட்டுவிட்டோம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் கற்கருவிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் பெரியவள் நின்றுவிட்டாள். வெறும் கல்லை ஏன் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். இந்தியாவில் முதன்முதலில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட கல் பல்லாவரத்தில் கிடைத்தது, 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அதைக் கண்டெடுத்தார் என்றேன்.

"எந்தப் பல்லாவரம்?"

"நம் பல்லாவரம்தான்."

"சந்தை போடுகிற பல்லாவரமா?"

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறி விற்கும் ஊரில் கற்கால மனிதன் நடந்திருக்கிறான் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. அதே பெட்டியின் முன்னால் முக்கால் மணி நேரம். பிறகு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம், வீட்டுக்கு வந்துவிட்டோம். திமிங்கல எலும்புக்கூடு அடுத்த முறைக்கு.

வேடந்தாங்கல் கதை வேறு. அங்கே முதல் முறை நான் செய்தது முழு முட்டாள்தனம். மே மாதம் பள்ளி விடுமுறை, அதனால் மே மாதம் போனோம். ஏரி வெடித்துக் கிடந்தது. இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "பறவை எங்கே அம்மா?" என்று சின்னவன் கேட்க, இவர் மாட்டின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கொக்கைக் காட்டினார். நமக்கு எப்போது விடுமுறையோ அப்போது பறவையும் வந்து நிற்கும் என்று எண்ணினால் இப்படித்தான். நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே கூட்டம். அரையாண்டு விடுமுறை அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

டிசம்பரில் மறுபடி போனோம். படாளத்தில் திரும்பி, மூன்றரை மணிக்குக் கரையில் இருந்தோம். நண்பகலில் போகாதீர்கள். இரைதேடப் போன பறவைகள் மாலையில்தான் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். தொலைநோக்கி வாடகைக்குக் கிடைக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கு நடக்கும் சண்டையைத்தான் பார்ப்பீர்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டு நிற்பதை மகள் தானே கண்டுபிடித்தாள். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும் என்று மட்டும் சொன்னேன். அடுத்த அரை மணி நேரம் எது குஞ்சு, எது பெரியது என்று பிரிப்பதே அவளுக்கு வேலை.

இதையெல்லாம் யாரும் பிடித்துத் தின்ன மாட்டார்களா என்று கேட்டான் சின்னவன். ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு வாங்கியவர்கள். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை என்றதும் சின்னவன் ஆடிப்போய்விட்டான். அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்து அவனுக்கு அவ்வளவு துக்கம்.

பொழுது சாயும்போது நாரைகள் மரத்தில் இறங்க, வக்காக்கள் எதிர்த்திசையில் ஒவ்வொன்றாகக் கிளம்பின. "இதற்கு நைட் ஷிஃப்ட், அப்பா மாதிரி" என்றான். இவர் ஒன்றும் பேசவில்லை, அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் வருவது திரும்பும்போது நடக்கும் விசாரணையில்தான். என்ன பார்த்தாய், எத்தனை பார்த்தாய், ஆங்கிலத்தில் பெயர் சொல் என்று காரிலேயே தேர்வு வைக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். பள்ளி திறந்தால் 'நான் சென்ற சுற்றுலா' என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். மகள் எழுதியதைப் படித்தேன்: 'பறவைகள் நமது நண்பர்கள், அவற்றைக் காப்பது நமது கடமை.' அலகின் இடைவெளி பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு மதிப்பெண் கிடைக்காது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

மற்றபடி சாப்பாடு, தண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி என்ற பட்டியல் உங்களுக்கே தெரியும். ஒன்றே ஒன்று: கழிப்பறை எங்கே என்று உள்ளே நுழையும்போதே விசாரித்துவிடுங்கள்.

எழும்பூருக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து எங்கள் ஜன்னல் திட்டில் ஒரு கல் இருக்கிறது. பெரியவள் தெருமுனையில் கண்டெடுத்தது. ஒரு பக்கம் கூர்மையாக இருக்கிறது, யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள் என்கிறாள், யாரையும் தொடவிடுவதில்லை. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டிய ஜல்லி அது. நான் இன்னும் சொல்லவில்லை.