13 சொல்லில் ஒரு ரேஷன் கடை

குறுங்கதை பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்தக் குழந்தைச் செருப்புக் கதை வந்துவிடும். 'விற்பனைக்கு: குழந்தைச் செருப்பு, ஒருமுறைகூடப் போடாதது.' கதை அவ்வளவுதான், போட்டுக்கொள்ளக் குழந்தை இல்லை என்பதைப் படிக்கிறவரே புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலீஷில் ஆறே சொல், அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பந்தயம் கட்டி எழுதினார் என்பார்கள். அவர் எழுதியதற்கு ஆதாரம் கிடையாது. இதே சாயலில் ஒரு விளம்பரத்தைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையில் துணுக்கு வந்தது 1910இல். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன்.

யார் எழுதினால் என்ன, விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. நம் பக்கம் பல வீடுகளில் பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு சட்டைகூட வாங்கி வைக்க மாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்ததுதான் முதல் துணி. கைக்குழந்தைக்குச் செருப்பு என்பதே சமீபத்தில் வந்த பழக்கம். அதனால் அந்தக் கதையைத் தமிழில் படிக்கும்போது வலி நேராக வந்து தைப்பதில்லை. 'ஓ, வெள்ளைக்காரர்கள் முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள்போல' என்று ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வருகிறது. எழுதாமல் விட்ட பாதி படிக்கிறவர் வீட்டில் ஏற்கெனவே கிடக்க வேண்டும். கிடக்காவிட்டால் விட்ட இடம் வெறும் ஓட்டைதான்.

55 சொல், 100 சொல் என்று போட்டி வைக்கிறார்களே, அதுவும் இரவல் அளவுகோல்தான். 'போயிருக்கமாட்டாளோ' என்பது நமக்கு ஒரு சொல். ஆள், பால், காலம், எதிர்மறை, சந்தேகம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. தமிழில் 100 சொல் என்பது தாராளமான இடம். அந்தத் தாராளத்தில்தான் 'கனத்த மனதோடு', 'கண்கள் குளமாக' எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சொல்லை எண்ணுவதைவிட வாக்கியத்தை எண்ணுங்கள். ஏழு வாக்கியம், இரண்டு ஆள், ஒரே இடம், இடையில் நாள் மாறக் கூடாது. இதற்குள் அடங்காவிட்டால் அது சிறுகதைக்கான விஷயம். அதை நெருக்கிப் பிழியாமல் பத்துப் பக்கம் எழுதிவிடுவது நல்லது.

ஒரு மாதிரியை எடுத்து வெட்டிப் பார்ப்போம். முதல் வரைவு வழக்கமாக இப்படித்தான் வரும்:

"செல்வத்தின் அம்மா இறந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அவனால் அந்தத் துக்கத்திலிருந்து மீளவே முடியவில்லை. ரேஷன் கடைக்குப் போனபோது, கடைக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு, 'இறந்தவங்க பேரை எடுத்துடணும்பா' என்றார். அவனுக்குக் கண் கலங்கியது. பெயரை எடுத்துவிட்டால் அம்மா நிஜமாகவே போய்விடுவாள் என்று தோன்றியது. 'அடுத்த மாசம் எடுத்துடறேண்ணே' என்று சொல்லிவிட்டு அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கனத்த மனதோடு வீட்டுக்கு நடந்தான்."

43 சொல். இதில் முதல் இரண்டு வாக்கியமும் எழுதுகிறவர் தனக்குச் சொல்லிக்கொண்டது. குறுங்கதை வரைவுகளில் பெரும்பாலும் இப்படித்தான், கையோடு வெட்டிவிடலாம். 'செல்வம்' என்ற பெயரும் இங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. பெயருக்கு ஊர், சாதி, வயசு, தலைமுறை என்று ஒரு வால் உண்டு. அந்த வால் கதைக்கு வேண்டுமென்றால் மட்டும் பெயர் வையுங்கள். கண் கலங்கியது, துக்கம், கனத்த மனது இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் கதை செத்துவிடும் என்று பயம் வரும். எடுத்துப் பாருங்கள்:

"அம்மா பேரை இன்னும் எடுக்கலையாப்பா?"
"அடுத்த மாசம்ணே."
ரேஷன் கடைக்காரர் அரிசியை எடை போட்டார். அஞ்சு பேருக்கு.

13 சொல். நான்கு மாதம் எங்கே போயிற்று? 'இன்னும்' என்பதற்குள் போய்விட்டது. முன்பே ஒருமுறையாவது கேட்டிருக்கிறார், இவனும் தவணை சொல்லியிருக்கிறான். 'அப்பா', 'அண்ணே' இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவதால் பழக்கமான கடை என்பதும் தெரிந்துவிடுகிறது. தலைக்கு இவ்வளவு என்று அரிசி போடுவது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இனிமேல்தான் கேள்வியே. பெயரை எடுக்க மனசு வரவில்லையா, அரிசியை விட மனசு வரவில்லையா? முதல் வரைவு இதற்குப் பதில் சொல்லிவிட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இரண்டாவதில் இரண்டும் ஒரே பைக்குள் கிடக்கின்றன. வாழ்க்கையிலும் பெரும்பாலும் அப்படித்தானே.

தமிழில் இந்த வடிவத்துக்கு உண்மையான கருவி இடைச்சொல் என்பேன், அதாவது 'உம்', 'ஆவது' மாதிரி இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது. 'அவர் வந்தார்', 'அவரும் வந்தார்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒரு 'உம்' போட்டதும் முன்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்கிறார்கள். இலக்கணத்தில் இதற்கு எச்ச உம்மை என்றே பெயர். 'சோறு இருக்கு' தகவல். 'சோறாவது இருக்கு' என்றால் குழம்பு இல்லாத வீடு முழுக்கத் தெரிகிறது. 'வாடா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருநாள் தம்பியை 'வாங்க' என்கிறான் என்று எழுதினால், பாகப்பிரிவினைக்குத் தனியாக ஒரு பத்தி தேவையில்லை. பெயரடை தேடும் நேரத்தில் பாதியை இந்தப் பொடிச் சொற்களுக்குக் கொடுக்கலாம்.

குவாத்தமாலா எழுத்தாளர் அகஸ்தோ மோன்தெரோசோ 1959இல் வெளியிட்ட டைனோசர் கதை, ஸ்பானிஷில் ஏழு சொல். தமிழில் ஐந்தாகிறது: 'விழித்தபோது டைனோசர் இன்னும் அங்கேயே இருந்தது'. விழித்தது யார்? ஆணா பெண்ணா என்று ஸ்பானிஷ் வினை காட்டிக்கொடுப்பதில்லை. இங்கிலீஷில் மொழிபெயர்க்கிறவர் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். நம் 'விழித்தபோது' ஸ்பானிஷைவிட ஒரு படி மேலே போய், நானா நீயா அவளா என்பதைக்கூட மூடி வைக்கிறது. அதில் இருக்கும் 'இன்னும்' என்பதை மட்டும் எடுத்துவிட்டுப் படியுங்கள். கதை போய்விடும், ஒரு விலங்கு இருந்த சேதிதான் மிஞ்சும்.

தலைப்பு சொல் கணக்கில் சேராது. அதனால் சூழலைச் சுமக்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம். குறுந்தொகையில் பாட்டு நான்கிலிருந்து எட்டு அடி. யார் யாரிடம் சொன்னது என்பதைப் பாட்டுக்கு அடியில் உள்ள கூற்றுக் குறிப்பு பார்த்துக்கொள்கிறது. 'தோழிக்குத் தலைவி சொன்னது' என்று ஒரு வரி இருந்தால் போதும், பாட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிடலாம். நம் ரேஷன் கதைக்கு 'ஸ்மார்ட் கார்டு' என்று தலைப்பு வைத்தால் உள்ளே 'ரேஷன்' என்ற சொல்லையும் எடுத்துவிடலாம். 'நியாய விலை' என்று வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். அது பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிக்கிற தலைப்பு.

திருப்பம் பற்றிச் சொல்லாமல் முடியாது. வாரப்பத்திரிகை ஒரு பக்கக் கதைகள் நமக்குப் பழக்கிவிட்டது அது. இவ்வளவு நேரம் பேசியது நாய், அவர் போன வாரமே செத்தவர், எல்லாம் கனவு. இந்த வகைக் கதையை இரண்டாம் முறை படிக்க முடியாது. விடை தெரிந்த விடுகதைபோல ஆகிவிடும். கடைசி வரியை மறைக்க முகநூலில் பத்து வரிக்குப் புள்ளி வைத்துக் கீழே தள்ளுகிறார்களே, அதைப் பற்றி என்ன சொல்ல. கதையில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் படுகிறது.

எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, மூன்று பேரிடம் காட்டுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள், 'இருக்கு' என்பார்கள். 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள். நடந்ததை மூவரும் ஒன்றுபோலச் சொல்லி, ஏன் என்பதில் பிரிந்தால் வேலை முடிந்தது. நடந்ததையே ஆளுக்கு ஒன்றாகச் சொன்னால் அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள். ஒரு வாக்கியத்தைத் திரும்ப ஒட்ட வேண்டும். காரணத்தையும் மூவரும் ஒன்றுபோலச் சொன்னால் எங்கோ ஓர் இடத்தில் விளக்கிவிட்டீர்கள். அது பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில் இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், கதை எவ்வளவு ஆடுகிறது என்று. ரேஷன் கதையில் 'அஞ்சு' என்பதை 'நாலு' ஆக்குங்கள். பெயர் இன்னும் கார்டில் இருக்கிறது, பில்லில் அஞ்சு பேருக்குத்தான் ஏறும். பைக்குள் நாலு பேருக்கான அரிசி. மிச்சத்தை மகன் கேட்கவும் முடியாது.