லாக்கருக்குள் 17 மிஸ்டு கால்

சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கால் சென்டரில் மூன்று வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்க வாடிக்கையாளர்களின் கிரெடிட் கார்டு புகார்களைக் கேட்கும் வேலை. உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பேனா, பேப்பர்கூடக் கிடையாது, குறித்துக்கொள்ள ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும்தான். கம்ப்யூட்டரில் ஜிமெயில், வாட்ஸ்அப் எதுவும் திறக்காது.

இதையெல்லாம் நான் தப்பென்று சொல்லவே மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவருடைய 16 இலக்க கார்டு எண் நம் திரையில் நிற்கிறது. ஒரு போட்டோ போதும், அவர் பணம் போய்விடும்.

ஒரு நாள் அதிகாலை மூன்றரை மணிக்கு பிரேக். பக்கத்து சீட் அக்கா லாக்கரைத் திறந்தால் 17 மிஸ்டு கால், எல்லாமே அவர் வீட்டுக்காரர். குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அலுவலகம் கொடுத்திருந்த அவசர எண்ணுக்கும் அவர் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். அது ரிசப்ஷன் மேஜையில் இருக்கும் போன். ராத்திரியில் அங்கே ஆளே கிடையாது. அக்கா மார்க்கரைக் கையில் பிடித்தபடியே லிஃப்ட்டுக்கு ஓடினார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அதே தளத்தில் மேனேஜர்கள் சட்டைப்பையில் போனோடுதான் நடந்தார்கள். அவர்கள் பார்த்ததும் அதே கார்டு எண்களைத்தான். பாதுகாப்புக்காகத்தான் தடை என்றால் அவர்களுக்கும் லாக்கர் வேண்டாமா?

2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, மற்ற அலுவலகங்களில் ஃபயர்வால் போட்டு யூடியூபைத் தடுப்பதற்குப் பெரிய அர்த்தமில்லை. அவரவர் போனில் பார்த்துக்கொள்கிறார்கள். போனையே பிடுங்கி வைக்கப்படுகிறவர்களுக்குத்தான் தடை முழுசாக விழுகிறது. அவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் இருப்பவர்கள்.

தடை மட்டுமல்ல, அலுவலகம் ஆட்களைக் கண்காணிப்பதும் நியாயமாக இருக்க வேண்டும், சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ருமேனியாவில் ஒரு பொறியாளர் அலுவலக யாஹூ மெசஞ்சரில் தன் சகோதரரோடும், கல்யாணம் பேசியிருந்த பெண்ணோடும் பேசினார் என்று 2007-இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அங்கே இருந்தது. ஆனால் செய்திகளை உள்ளே புகுந்து படிப்போம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனக்கு அது ரொம்பச் சரியான தீர்ப்பு.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த வாரமே பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, டீம் லீடர் மேஜையில் ஒரு போன் வைத்தார்கள். அந்த எண்ணை என் அம்மா காலண்டருக்குப் பக்கத்தில் சுவரிலேயே எழுதி வைத்தார்.

இதைப் படிக்கிற மேனேஜர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆட்களின் வீட்டுக்கு ஓர் அவசர எண் கொடுத்திருப்பீர்கள் இல்லையா? இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அதை நீங்களே ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.