எங்கள் அப்பத்தாளும் அப்படித்தான்

பர்மா, மலேயா என்று ஆண்கள் கொண்டுவிற்க (வெளிநாட்டில் தொழில் செய்ய) போன காலத்தில் செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கியது பெண்கள்தான் என்று செட்டிநாட்டுப் பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரை சொல்வது முழு உண்மை. ஐயா (அப்பாவின் அப்பா) மலேயாவில் இருந்தபோது மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லோரையும் அப்பத்தாள்தான் பார்த்துக்கொண்டார். வீட்டுக் கணக்கில் காலணா பிசகாது. பிள்ளையார் நோன்பு என்றால் அவருக்கு உயிர். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், 21 நூல் சேர்த்த திரியை இனிப்பு மாவில் வைத்து (இதைத்தான் இழை என்போம்) ஏற்றி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தருவார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் (சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பயம்தான்). வெளியூரில் இருக்கும் பேரன் பேத்திகளுக்கும் அவரே ஓர் இழை எடுத்துக்கொள்வார், ஒருத்தரையும் விட மாட்டார். இந்தப் பெண்கள் எழுதிவைத்த கணக்கு நோட்டுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.